'சாட்டிலைட் துல்லியம்'னு சந்தா வாங்குன வானிலை ஆப், ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். அதுல ஒரு ஸ்டார் டிசைனுக்கு மட்டும், ஏன்னா பாக்க உண்மையாவே அழகா இருக்கு.

ஆப் பேரு சொல்லப் போறதில்ல. இதே மாதிரி இன்னும் பத்து ஆப் இருக்கு, எல்லாத்துலயும் அதே வாசகம்தான், சாட்டிலைட் டேட்டாவால இயங்கும் துல்லியமான வானிலைன்னு. நான் வாராவாரம் சைக்கிள்ல நீண்ட தூரம் போறவன், நூறு கிலோமீட்டர் நூத்தி இருபது கிலோமீட்டர்னு, நடுவுல மழை வந்தா ஒதுங்க இடம் இருக்காது, அதனால வானிலை ஆப்புக்கு காசு கட்டுறது எனக்கு ஆடம்பரம் இல்ல. இலவசமா ஃபோன்லயே வர்றத விட்டுட்டு இதுக்கு சந்தா கட்டுனதுக்கு ஒரே காரணம் அந்த சாட்டிலைட்ங்கற வார்த்தை. மேல இருந்து பாக்குறவனுக்குத் தெரியாததா கீழ இருக்குறவனுக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு நெனச்சேன். அந்த நெனப்பு பாதி சரி பாதி தப்புன்னு புரிய ஒரு வருஷம் ஆச்சு, அதத்தான் எழுதுறேன்.

முதல்ல ஆப். திறந்ததும் பூமி உருண்டை சுத்தும், மேகமெல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு நகரும், மழை வர்ற எடத்துல ஊதா கலர். மூணாவது மாசம் ஒரு ரைடு, கெளம்பி நாப்பது கிலோமீட்டர் தாண்டினதும் அலர்ட், இன்னும் 25 நிமிஷத்துல பலத்த மழைன்னு. ஸ்க்ரீன்ல பெரிய ஊதா படலம் என் மேல வந்துட்டு இருக்கு. ஒரு பஸ் ஸ்டாப் கூரைக்குக் கீழ ஒதுங்கி ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், ஒரு சொட்டு விழல. வானத்துல மெலிசா ஒரு வெள்ளைப் படலம், அதுக்குப் பின்னாடி சூரியன் மங்கலா தெரியுது, அவ்ளோதான். ரெண்டு வாரம் கழிச்சு அப்படியே தலைகீழ், ஆப்ல துடைச்சு வெச்ச மாதிரி தெளிவான வானம், நான் தொப்பலா நனைஞ்சு வீடு வந்து சேர்ந்தேன்.

சப்போர்ட்டுக்கு எழுதுனேன். சாட்டிலைட் படங்கள அடிப்படையா வெச்சுத்தான் சொல்றோம், இயற்கைய யாராலயும் நூறு சதவீதம் கணிக்க முடியாதுன்னு ஒரு பதில் வந்துச்சு. இயற்கை மேல பழி போட்டா யாரு திருப்பிக் கேக்கப் போறா. எனக்கு அது ஒத்துக்கல, அப்போ இந்த சாட்டிலைட் என்னதான் பண்ணுதுன்னு நோண்ட ஆரம்பிச்சேன். இனிமே வர்றது ஆப் ரிவ்யூவ விட அதுக்குப் பின்னாடி இருக்குற சமாச்சாரத்தோட ரிவ்யூ.

அந்த பஸ் ஸ்டாப் மேட்டர் முதல்ல. ஆப் பண்ணது என்னன்னா, புவிநிலை சாட்டிலைட்டோட (பூமியோட சேந்தே சுத்தி ஒரே எடத்துக்கு மேல நிக்கறது) இன்ஃப்ராரெட் படத்துல குளிர்ச்சியா தெரியுற மேகத்த எல்லாம் மழை மேகம்னு எடுத்துக்கிட்டு, அது போற திசையிலயே நீட்டி வெச்சிருக்கு. மேல இருந்து பாத்தா மேகத்தோட உச்சி மட்டும்தான் தெரியும், உச்சி எவ்ளோ குளிர்ச்சியோ அவ்ளோ ஒசரம்னு அர்த்தம். ஆனா ஒசரமா இருக்குற மேகமெல்லாம் மழை மேகம் இல்ல. ஒரு பெரிய இடிமேகம் எங்கயோ கொட்டித் தீர்த்துட்டு அதோட தலைப்பகுதி மட்டும் மேல்காத்துல அடிச்சுட்டுப் போயி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பரவும், அது உறைஞ்ச படலம், படு குளிர்ச்சி, அதுல இருந்து நமக்கு ஒன்னும் விழாது. நான் அன்னிக்குப் பாத்த வெள்ளைப் படலம் அதான். ரெண்டாவது தடவை நனைஞ்சது எதிர்ப்பக்கம், படம் எடுத்தப்போ அங்க மேகமே இல்ல, அதுக்கப்புறம்தான் பொங்கி வந்திருக்கு. இல்லாத மேகத்த எந்தப் படத்த நீட்டினாலும் வரவழைக்க முடியாது.

அப்புறம் அந்த வெண்ணெய் மாதிரி நகர்ற அனிமேஷன். ஜப்பானோட ஹிமவாரி, அமெரிக்காவோட கோஸ் வகை புது சாட்டிலைட்டுங்க பூமியோட தெரியுற முழு வட்டத்தையும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் படம் எடுக்குது, நடுவுல இருக்குற ஃப்ரேம் எல்லாம் ஆப்காரங்க இட்டுக்கட்டினது. தப்புன்னு சொல்லல, ஆனா கீழ சின்னதா ஒரு வரி போட்டிருக்கலாம்.

சரி, அப்போ சாட்டிலைட் வானிலை எல்லாம் கண்துடைப்பான்னா, இல்ல, அங்கதான் எனக்கே ஆச்சரியம். முன்னறிவிப்புக்கு உண்மையா உழைக்கிற சாட்டிலைட் டேட்டா நம்ம பாக்குற படமே இல்ல, படமா போட்டா ஒருத்தனும் ரசிக்க மாட்டான், வெறும் நம்பருங்க.

வரலாறு ரொம்ப நீட்டல. 1960 ஏப்ரல் 1ம் தேதி டைரோஸ்-1ங்கற அமெரிக்க வானிலை சாட்டிலைட் போச்சு, அதுல இருந்தது டிவி கேமரா, 78 நாள் ஓடுச்சு, மேகத்தப் படம் புடிச்சுது. ஆனா அதுக்கு முந்தின வருஷமே, 1959ல, லூயிஸ் காப்லான்னு ஒருத்தர் வேற ஒரு யோசனை சொல்லிட்டாரு. காத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடு 15 மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்துல இருக்குற ஒரு பட்டையில வெப்பக்கதிர நல்லா உறிஞ்சி திருப்பி விடும். அது உலகம் பூரா கிட்டத்தட்ட ஒரே அளவுல கலந்திருக்கு, அப்போ அங்க இருந்து வர்ற கதிரோட அளவு கூடுதா கொறையுதாங்கறது அந்தக் காத்து எவ்ளோ சூடுங்கறதப் பொறுத்தது. இதுல அழகு என்னன்னா, அந்தப் பட்டையோட நடுவுல பாத்தா உறிஞ்சல் ரொம்ப பலமா இருக்கும், அதனால வளிமண்டலத்தோட மேல்பகுதி மட்டும்தான் தெரியும், கீழ இருக்குறது மறைஞ்சிடும். ஓரத்துக்கு நகர நகர உறிஞ்சல் கொறையும், இன்னும் ஆழமா தெரியும், கடைசில தரை வரைக்கும் தெரியும். கலங்கின தண்ணில குனிஞ்சு பாக்குறப்போ எவ்ளோ கலங்கல்ங்கறதப் பொறுத்து எவ்ளோ ஆழம் தெரியுதோ, அதே கதை. இங்க கலங்கல் அளவ நாமளே சேனல, அதாவது பாக்குற அலைநீளத்த, மாத்தித் தேர்ந்தெடுத்துக்கலாம். ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு ஒசரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர், ஆனா எந்த தெர்மாமீட்டரும் அந்த எடத்துக்குப் போகல. இந்தக் கருவிக்கு சவுண்டர்னு பேரு, சத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, கடல்ல ஆழம் பாக்குறதுக்கு சொல்ற வார்த்தையில இருந்து வந்தது.

1969ல நிம்பஸ்-3 இத முதல் தடவையா செஞ்சு காட்டுச்சு. 1972ல போன நோவா-2ல இருந்து இது தினசரி வேலையா மாறுச்சு, 1978 அக்டோபர்ல போன டைரோஸ்-என் அத இன்னும் விரிவாக்குச்சு.

இங்கதான் எனக்குப் புடிச்ச கட்டம். இவ்ளோ பெரிய விஷயம் வந்ததும் முன்னறிவிப்பு எகிறிருக்கணுமே? எகிறல. தென் அரைக்கோளத்துல நல்லாவே உதவுச்சு, ஏன்னா அங்க வேற டேட்டாவே கம்மி. ஆனா வட அரைக்கோளத்துல 80கள்லயும் 90களோட தொடக்கத்துலயும் இந்த டேட்டாவ சேத்தா முன்னறிவிப்புல பெருசா லாபம் இல்ல, சில சமயம் கெட்டுக்கூட போச்சு. காரணம் சாட்டிலைட் இல்ல, அத யூஸ் பண்ண விதம். கதிரோட அளவுல இருந்து முதல்ல இந்த ஒசரத்துல இவ்ளோ டிகிரின்னு ஒரு பட்டியலா மாத்தி, அத கருவி கட்டி வானத்துல விடுற பலூன்ல இருந்து வந்த அளவு மாதிரியே, வானிலையக் கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மாடலுக்குள்ள தள்ளுனாங்க. ஆனா பலூன் அந்த எடத்துக்கே போயி அளக்குது, சாட்டிலைட் கிலோமீட்டர் கணக்கா தடிமனான ஒரு அடுக்கோட சராசரியச் சொல்லுது. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சா எப்படி?

அப்புறம் தலைகீழா யோசிச்சாங்க. சாட்டிலைட்டோட கதிர வெப்பநிலையா மாத்தாத, மாடல் சொல்ற வளிமண்டலத்த எடுத்துக்க, இப்படி ஒரு வளிமண்டலம் நிஜமா இருந்தா சாட்டிலைட்டுக்கு என்ன கதிர் தெரிஞ்சிருக்கும்னு கணக்குப் போடு, நிஜமா வந்த கதிரோட ஒப்பிட்டுப் பாரு, வித்தியாசம் இருந்தா மாடலத் திருத்து. ரெண்டு பக்கத்துலயும் எவ்ளோ தப்பு இருக்கலாம்னு எடை போட்டுத் திருத்து. இப்படி அளவுகள மாடலோட சேத்துத் திருத்துறதுக்குப் பொதுப்பேரு டேட்டா அசிமிலேஷன், தமிழ்ல தரவு உள்வாங்கல்னு சொல்லலாம். 1997 நவம்பர்ல ஐரோப்பிய நடுத்தர கால வானிலை மையம் ஃபோர்-டி-வார் (4D-Var)னு ஒரு முறைய தினசரி வேலைல கொண்டு வந்தாங்க, அதுல நேரமும் சேத்தி, பல மணி நேரத்துல எந்த நிமிஷம் எந்த டேட்டா வந்துச்சோ அதே நிமிஷத்து மாடலோட ஒப்பிடும். இதனால ஓசியா ஒரு லாபம், நீராவி எப்படி நகர்ந்திருக்குன்னு தொடர்ந்து பாத்து காத்து எந்தப் பக்கம் அடிச்சிருக்கும்ங்கறதையும் அதுவே ஓரளவு கண்டுபுடிச்சிடும், காத்த அளக்காமலேயே. கருவி அதே ஜாதி, டேட்டா அதே ஜாதி, எப்படி யூஸ் பண்றதுங்கறது மட்டும் மாறுச்சு. நான் காசு கட்டுன ஆப்போட பிரச்சினையும் அதேதான்னு இதப் படிச்சப்போ சட்டுனு தோணுச்சு.

இனிமே கருவிகளுக்குத் தனித்தனியா என் மார்க்.

ஏர்ஸ், இது ஒரு இன்ஃப்ராரெட் சவுண்டர். 2002 மே 4ம் தேதி நாசாவோட அக்வா சாட்டிலைட்ல போனது. பழைய சவுண்டர்ல இருபது சேனல் அளவுக்குத்தான் இருந்துச்சு, இதுல 2378. சேனல் கூடினா என்ன ஆகும்னா, முன்னாடி மூணு நாலு தடிமனான அடுக்கா மட்டும் தெரிஞ்ச வளிமண்டலம் இப்போ கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அடுக்கா பிரிஞ்சு தெரியும். 2005ல நாசாவும் அமெரிக்காவோட கடல், வானிலை அமைப்பான நோவாவும் ஒரு ரிசல்ட் வெளியிட்டாங்க, அமெரிக்க மாடல்ல ஏர்ஸ் டேட்டாவ சேத்ததுல வட அரைக்கோளத்துல 6 நாள் முன்னறிவிப்போட எல்லை 6 மணி நேரம் வரைக்கும் நீண்டுச்சுன்னு. ஆறு மணி நேரம்தானான்னு நானும் முதல்ல உதட்டப் பிதுக்குனேன். ஆனா இந்தத் துறையில மொத்த முன்னேற்றமே பத்து வருஷத்துக்கு ஒரு நாள்தான், அதாவது இன்னிக்கு ஆறாவது நாளுக்கு சொல்றது பத்து வருஷம் முன்னாடி அஞ்சாவது நாளுக்கு சொன்ன அளவுக்கு நம்பலாம். அந்தக் கணக்குல 6 மணி நேரம்னா ரெண்டரை வருஷ உழைப்பு, ஒரே கருவில.

தாங்கும் திறன்லயும் ஏர்ஸுக்கு ஃபுல் மார்க். அக்வாவ ஆறு வருஷத்துக்குன்னு கட்டுனாங்க, இருபது வருஷம் தாண்டியும் ஏர்ஸ் ஓடுச்சு. கூடவே போன ஹெச்எஸ்பிங்கற ஈரப்பத சவுண்டர் பாவம் 2003 பிப்ரவரியிலயே படுத்துடுச்சு. ஒரே வண்டில போன ரெண்டு பாகம், ஒன்னு தாத்தா ஆயிடுச்சு, இன்னொன்னு முதல் பிறந்தநாள் கூட பாக்கல.

குறைன்னா ரெண்டு. இன்ஃப்ராரெட்டால மேகத்துக்குக் கீழ பாக்க முடியாது, அதாவது வானிலை சுவாரசியமா இருக்குற எடத்துலதான் இதுக்குக் கண் தெரியாது. இன்னொன்னு கவரேஜ். அக்வா சுமார் 700 கிலோமீட்டர் ஒசரத்துல ஒரு சுத்துக்கு 99 நிமிஷம் எடுத்துக்கும், அதுக்குள்ள நிலநடுக்கோட்டுல பூமி 2750 கிலோமீட்டர் போல நகர்ந்திடும், ஆனா ஏர்ஸ் பாக்குற அகலம் 1650 தான். அப்போ அடுத்தடுத்த சுத்துக்கு நடுவுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டை, ராத்திரி பக்கத்துல வர்றப்போதான் அதுல கொஞ்சம் நிரம்பும். துருவத்துப் பக்கம் இருக்குறவங்களுக்கு இந்தப் பிரச்சினை கெடையாது.

அதே வகையில ஐரோப்பாக்காரங்களோட ஐயாசி 2006ல மெட்டாப்-ஏ சாட்டிலைட்ல போச்சு, 8461 சேனல். அமெரிக்காவோட க்ரிஸ் 2011ல. இதுல ஒரு கூத்து, ஏர்ஸோட ரெண்டாயிரத்து சொச்சத்துல முந்நூறு சொச்சம் சேனலத்தான் வானிலை மையங்களுக்கு அனுப்பி வெச்சாங்க, ஐயாசிலயும் சில நூறுதான் மாடலுக்குள்ள போகுது, மேகம் குறுக்க வந்ததும் ஒன்னுக்கொன்னு ரொம்பப் பக்கத்துல இருக்குறதும் எல்லாம் கழிச்சுடுவாங்க. ஒரே விஷயத்தச் சொல்ற பத்து சேனல உள்ள விட்டா பத்து சாட்சி சொன்ன மாதிரி மாடல் ஏமாந்திடும், நெசத்துல சாட்சி ஒருத்தர்தான். அதனால ஒரு ஆப் எங்ககிட்ட இத்தன டெராபைட் சாட்டிலைட் டேட்டான்னு பீத்துனா எனக்கு இப்போல்லாம் சிரிப்புதான் வரும்.

என் மார்க்ல முதல் எடம் மைக்ரோவேவ் சவுண்டருக்கு. 1998 மே மாசம் நோவா-15 சாட்டிலைட்ல போன ஆம்சு-ஏ, மொத்தமே 15 சேனல், ஐயாசி பக்கத்துல வெச்சா பொம்மை மாதிரி. ஆனா இது கார்பன் டை ஆக்ஸைடுக்குப் பதிலா ஆக்ஸிஜன வெச்சுப் பாக்குது, 50லேருந்து 60 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல, அந்த அலைக்கு மேகம் பெரும்பாலும் தடையே இல்ல. எந்த டேட்டாவால முன்னறிவிப்புல தப்பு எவ்ளோ கொறஞ்சதுன்னு வானிலை மையங்க கணக்குப் பாக்குறப்போ, வருஷக்கணக்கா மைக்ரோவேவ் சவுண்டருங்கதான் முன்வரிசையில நிக்குது. இப்போ மழை மேகத்துக்குள்ள இருந்து வர்ற சிக்னலக்கூட தூக்கிப் போடாம யூஸ் பண்றாங்க. இதுக்கு ஒரு வில்லனும் இருக்கான். நீராவிய அளக்குற 23.8 கிகாஹெர்ட்ஸ் சேனலுக்குப் பக்கத்துலயே 24 கிகாஹெர்ட்ஸ்ல 5ஜிக்கு எடம் ஒதுக்குனதுல 2019ல பெரிய சண்டை. அந்த சேனல மாத்திக்கலாமேன்னா முடியாது, நீராவி அந்த எடத்துலதான் கதிர விடும், அதுகிட்ட போயி கொஞ்சம் தள்ளிக்கன்னு சொல்ல முடியாது.

அடுத்து என்ன அசத்துனது ரேடியோ மறைப்பு முறை. ஜிபிஎஸ் சாட்டிலைட் ஒன்னு பூமியோட விளிம்புக்குப் பின்னாடி மறையுறப்போ அதோட சிக்னல் வளிமண்டலத்த உரசிட்டு வரும், வர்ற வழியில வளையும், அந்த வளைவ இன்னொரு சின்ன சாட்டிலைட் அளக்கும். வளைவுல இருந்து காத்தோட அடர்த்தி, அதுல இருந்து வெப்பநிலை. நம்ம வழி காட்டுற மேப்புக்கு வர்ற அதே வகை சிக்னல். 2006 ஏப்ரல்ல காஸ்மிக்னு ஆறு சாட்டிலைட்ட ஒன்னா அனுப்புனாங்க, 2019ல காஸ்மிக்-2. இதோட பெருமை என்னன்னா அடிப்படையில இது அளக்குறது நேரத்த, அணுக்கடிகாரத்த நம்பி, அதனால வயசாக வயசாக அளவு சாய்ஞ்சு போற பிரச்சினை இல்ல. மத்த சவுண்டருங்க எல்லாம் நாள்பட கொஞ்சம் கூட்டியோ கொறச்சோ காட்டும், அதுங்களத் திருத்துறப்போ இதையும் பலூனையும்தான் நங்கூரமா வெச்சுக்கறாங்க.

ஏயோலஸ் சாட்டிலைட், இது சோகக்கதை. 2018 ஆகஸ்ட் 22ல ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பினது, 320 கிலோமீட்டர் ஒசரத்துல இருந்து புற ஊதா லேசர் அடிச்சு, திரும்பி வர்ற ஒளியோட நிறமாற்றத்துல இருந்து காத்த நேரடியா அளந்துச்சு. மேகம் நகர்றதப் பாத்து காத்து சொல்ற பழைய முறையில அந்த மேகம் எந்த ஒசரத்துல இருக்குங்கறதுலயே தகராறு வரும், இதுல வராது. ஆரம்பத்துல அளவெல்லாம் ஒரு மாதிரி இழுத்துச்சு, தேடிப் பாத்தா டெலஸ்கோப்போட பெரிய கண்ணாடி ஒரு சுத்துக்குள்ளயே சூடு ஏறி எறங்குறதுதான் காரணம், அதக் கண்டுபுடிச்சு திருத்திட்டாங்க. 2020 ஜனவரில இருந்து ஐரோப்பிய மையம் தினசரி யூஸ் பண்ணுச்சு. 2023 ஜூலை 28ல வளிமண்டலத்துலயே எரிஞ்சு போச்சு. நல்ல பொருளு, ஸ்டாக் தீர்ந்துடுச்சு.

இதெல்லாம் நிஜமா உதவுதான்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு ஆதாரம். ஒன்னு, 1980கள்ல தென் அரைக்கோளத்தோட முன்னறிவிப்பு வடக்க விட ரொம்ப மட்டம், ஏன்னா அங்க பெரும்பாலும் கடல், பலூன் விட ஆளில்ல. உலகம் பூராவே பலூன் விடுற எடம் சுமார் 900 தான், அதுவும் நாளைக்கு ரெண்டு தடவை. 2000த்துக்கு அப்புறம் ரெண்டு அரைக்கோளமும் கிட்டத்தட்ட ஒன்னா வந்துடுச்சு. கடல் நடுவுல யாரும் புதுசா பலூன் விடல, வந்தது சாட்டிலைட் டேட்டாவும் அத உள்வாங்குற முறையும்தான். ரெண்டாவது சாண்டி புயல், 2012 அக்டோபர் 29ல அமெரிக்காவோட நியூ ஜெர்சி கரையில ஏறுனது. அட்லாண்டிக்ல அந்தப் பக்கம் போற புயல் பெரும்பாலும் கடலுக்குள்ள திரும்பிப் போயிடும், இது எடது பக்கம் மடங்கி கரைக்கு வரும்னு ஐரோப்பிய மாடல் நாள் கணக்கா முன்னாடியே சொல்லிடுச்சு. அப்புறமா அவங்களே ஒரு சோதனை பண்ணாங்க, துருவத்துக்குத் துருவம் சுத்துற சாட்டிலைட்டுங்களோட டேட்டாவ மட்டும் நீக்கிட்டு அதே முன்னறிவிப்பத் திருப்பி ஓட்டுனாங்க. அஞ்சு நாள் முன்னாடி போட்ட அந்த முன்னறிவிப்புல புயல் கரைக்கு வரவே இல்ல, கடல்லயே சுத்திட்டு இருந்துச்சு.

ஏஐ வந்துடுச்சே இனி இதெல்லாம் எதுக்குன்னு ஒரு நண்பன் கேட்டான். ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில ஏஐஎஃப்எஸ்னு ஒரு ஏஐ மாடல தினசரி ஓட்டத்துக்குக் கொண்டு வந்துட்டாங்க, வேகமா ஓடுது, பல விஷயத்துல நல்லாவும் இருக்கு. ஆனா அது கத்துக்கிட்டது இந்த உள்வாங்கல் முறையில செஞ்ச பல வருஷ வானிலை வரலாற்றுல இருந்து, தினமும் கெளம்புற புள்ளியும் அதே உள்வாங்கல்ல இருந்து வர்றதுதான். இப்போதைக்கு கண்ணு சாட்டிலைட்டோடதுதான், ஓடுற காலு மட்டும் மாறியிருக்கு.

இனி நான் இப்போ என்ன யூஸ் பண்றேன்னு சொல்லிடறேன். படம் பாக்கணும்னா நாசாவோட வேர்ல்ட்வியூ, இலவசம், லாகின் கூட வேணாம், பிரவுசர்லயே தொறக்கும், ரெண்டு தேதிய பக்கத்துல பக்கத்துல இழுத்து ஒப்பிடலாம், ஏர்ஸோட வெப்பநிலை ஈரப்பத லேயரக்கூட போட்டுப் பாக்கலாம். நான் மேல சொன்ன ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டை அதுல பட்டை பட்டையா கண்ணுக்கே தெரியும். ஆனா அது முன்னறிவிப்பு இல்ல, நடந்து முடிஞ்சத பாக்குறதுக்கு. முன்னறிவிப்புக்கு ஐரோப்பிய மையத்தோட சார்ட் பக்கத்துல நம்ம எடத்த குறிச்சா எதிர்வர்ற நாளுக்கு கிராஃப் வரும், அதுல 51 ஓட்டத்தோட பரவலும் தெரியும். ஆரம்ப அளவுல இருக்கக்கூடிய தப்ப மனசுல வெச்சு கொஞ்சம் கொஞ்சம் மாத்தி மாத்தி ஓட்டுனது அதுல 50, மாத்தாம ஓட்டுனது ஒன்னு. எல்லாம் ஒன்னு போல மழைன்னு சொன்னா நம்பலாம், ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா மாடலுக்கே தெரியலன்னு அர்த்தம். என் ஆப் இந்தப் பரவல மொத்தமா மறைச்சுட்டு மழை 3.2 மில்லிமீட்டர், மணி 4.10னு தசமத்தோட ஒரே பதில் சொல்லும். அந்த தசமத்துலதான் நான் ஏமாந்தேன்.

புதுசா சந்தா கட்டப் போறவங்க ஒரு விஷயம் தேடிப் பாருங்க, எந்த மாடல், எந்த நேரத்து ஓட்டம்னு ஆப் எங்கயாச்சும் சொல்லுதா. கிரீன்விச் நேரம் நள்ளிரவு ஓட்டம்னா அது கைக்கு வர ஆறு ஏழு மணி நேரம் ஆகும், ஏன்னா சாட்டிலைட் டேட்டா எறங்கி வந்து உள்வாங்கி அப்புறம்தான் மாடல் ஓடணும். என் ஆப்ல செட்டிங்ஸ், உதவி, பின்குறிப்பு எல்லாம் கிண்டிட்டேன், அது எங்கயும் இல்ல. நிமிஷத்துக்கு நிமிஷம் புதுப்பிக்கப்பட்டதுன்னு மட்டும் பச்சைப் புள்ளி மின்னிட்டே இருக்கும். அடுத்த ஒரு மணி நேரத்துல வர்ற மழைக்கு சாட்டிலைட் படமும் பக்கத்துல ரேடார் இருந்தா அதுவும் போதும், அதுக்கு மேல போனா மாடல்தான் பேசணும். நாளைக்கு உங்க தெருவுல இடிமழை எத்தன மணிக்குன்னு கேட்டா இன்னிக்கு இருக்குற எந்த சவுண்டராலயும் முடியாது, தரையை ஒட்டின ஒன்னு ரெண்டு கிலோமீட்டர்லதான் இதுங்க எல்லாமே மங்கலா பாக்குது. அந்த ஓட்டைய அடைக்கத்தான் 2025 ஜூலை 1ல ஐரோப்பாவோட எம்டிஜி-எஸ்1 சாட்டிலைட் போயிருக்கு, ஒரே எடத்துல நின்னுக்கிட்டு ஐரோப்பா மேல அரை மணிக்கு ஒரு தடவை இன்ஃப்ராரெட் சவுண்டிங் எடுக்குறதுக்கு. சீனாக்காரங்க 2016லயே எஃப்ஒய்-4ஏ சாட்டிலைட்ல இத ஆரம்பிச்சுட்டாங்க. இடிமேகம் பொங்குறதுக்கு முன்னாடியே ஈரம் எங்க சேருதுன்னு அடிக்கடி பாக்க முடிஞ்சா என் ரெண்டாவது நனையல் மாதிரி கேஸுக்கு உதவும்.

ஆப்போட ரெண்டாவது ஸ்டார் எதுக்குன்னு சொல்லலையே, அது ராத்திரி நேரத்துல ஸ்க்ரீன் கண்ணக் கூசாம இருக்குறதுக்கு. சந்தா போன வாரம் முடிஞ்சுது, ஆட்டோ ரினியூவல அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கேன்சல் பண்ணிட்டேன். சனிக்கிழமை நூத்திப் பத்து கிலோமீட்டர் ரைடு இருக்கு, இன்னிக்குக் காலைல பாத்த வரைக்கும் 51ல இருபது ஓட்டம் மதியத்துக்கு மேல மழைங்குது, அமெரிக்க மாடல் ஒன்னுமே இல்லங்குது. மட்கார்ட மாட்டி வெச்சுட்டேன், கெளம்புற நேரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டேன்.